யாரைக் கூப்பிட்டாலும் எல்லோரும் வந்தார்கள்: ஒரு மிடி சேனல் சிக்கலின் முழு ஆய்வு

கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் முதல் வெள்ளைக் கட்டையை அழுத்தினேன். பியானோவின் அடி ஸ்வரம் வந்தது. கூடவே டிரம் மெஷினிலிருந்து ‘தொம்’ என்று ஒரு கிக் (பெரிய டிரம்மின் அடி) விழுந்தது, பேஸ் சிந்த்தும் (அடிக்குரல் ஒலிகளை மின்னணுவில் உருவாக்கும் சிந்த்திசைசர்) அதே நொடியில் உறுமியது. ஒரு கட்டை, மூன்று கருவி. மேடை நிகழ்ச்சிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது, நண்பர்கள் நான்கு பேரும் இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டிவிட்டு, "கேபிளெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கோம்டா, ஆனா எதைத் தொட்டாலும் எல்லாமே அடிக்குது, நீ ஒரு தடவை வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இதே மாதிரி மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால், என்ன நடந்தது, எதை எப்படிக் கண்டுபிடித்தோம், நான் எங்கே தவறாக யோசித்தேன் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னென்ன இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். இவற்றை இணைப்பது மிடி, அதாவது எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்பது போன்ற செய்திகளை ஒரு இசைக்கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொது முறை. 61 கட்டை கீபோர்டு ஒன்று, அதற்குச் சொந்த ஒலிகள் உண்டு. எட்டு டிராக் சீக்வென்சர் பெட்டி ஒன்று, வாசித்ததைத் தனித்தனி டிராக்குகளாகப் பதிந்துவைத்து, மற்ற கருவிகளை மறுபடி வாசிக்க வைப்பது. பழைய சவுண்ட் மாட்யூல் ஒன்று, ஒரே நேரத்தில் பல சேனல்களில் பல ஒலிகளை வாசிக்கக்கூடியது. அப்புறம் ஒரு டிரம் மெஷின், ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசிக்கும் சின்ன பேஸ் சிந்த். மிடி சாக்கெட்டுகளில் ‘அவுட்’ செய்தியை அனுப்பும், ‘இன்’ வாங்கும், ‘த்ரூ’ இன்னில் வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்தும். கீபோர்டின் அவுட் சீக்வென்சரின் இன்னுக்குப் போகிறது. சீக்வென்சருக்கு இரண்டு அவுட், இரண்டிலும் ஒரே தகவல்தான் வரும். ஒன்று கீபோர்டின் இன்னுக்கே திரும்பி வருகிறது, ஏனென்றால் பதிவு செய்த பியானோ பகுதியைக் கீபோர்டுதான் வாசிக்க வேண்டும். இன்னொன்று மாட்யூலுக்கு, மாட்யூலின் த்ரூவிலிருந்து டிரம் மெஷினுக்கு, டிரம் மெஷினின் த்ரூவிலிருந்து பேஸ் சிந்த்துக்கு. படம் போட்டுப் பார்த்தால் தப்பே இல்லாத வயரிங். அவர்கள் கேபிளைக் குறை சொல்லாதது சரிதான்.

நான் போவதற்கு முன்பு அவர்கள் செய்திருந்தது, கேபிள்களைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகுவது. இது எல்லோரும் செய்வதுதான். சேனல் என்ற சொல்லே நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது, வாய்க்கால் மாதிரி தனித்தனிப் பாதை ஒன்று உள்ளே ஓடுகிறது என்று மனது நினைத்துக்கொள்கிறது. அப்படி எதுவும் இல்லை. ஐந்து பின் உள்ள அந்தச் சாக்கெட்டில் தகவலைச் சுமப்பவை 4, 5 என்ற இரண்டு பின்கள்தான், அந்த ஒற்றைப் பாதையில் 16 சேனலுக்கான செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகின்றன. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் எண்ணைச் சொல்வது எல்லோர் காதிலும் விழும், அந்த எண்ணுக்கு உரியவன் மட்டும் ‘உள்ளேன் ஐயா’ என்பான். மிடியில் சேனல் என்பது அந்த எண். செய்தி எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும், பதில் சொல்வதா வேண்டாமா என்பதைக் கேட்கும் கருவிதான் முடிவு செய்கிறது. ஆகவே அன்று நான் கேட்க நினைத்த கேள்வி, எந்தக் கருவி எந்த எண்ணுக்குக் கை தூக்குகிறது என்பது.

என் கணினியில் மிடி செய்திகளை அப்படியே எண்களாகக் காட்டும் மானிட்டர் நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். கீபோர்டின் அவுட்டை மட்டும் அதில் மாட்டி அந்த முதல் கட்டையை அழுத்தினேன். திரையில் 90 24 64 என்று ஒரு வரி வந்தது. ஹெக்ஸ் முறையில் (பத்துக்குப் பதில் 16ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கு) எழுதிய மூன்று பைட். முதல் பைட்டில் உள்ள 9 ‘நோட் ஆன்’ என்பதைச் சொல்கிறது, அடுத்த 0 சேனலைச் சொல்கிறது. கருவிகளின் திரையில் 1 முதல் 16 வரை என்று காட்டுவது, கம்பியில் போகும்போது 0 முதல் 15 வரை இருக்கும், ஆக இது சேனல் 1. 24 என்பது நமக்குப் பழக்கமான கணக்கில் 36, அது எந்தக் கட்டை என்பதற்கான எண். 64 என்பது 100, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற வெலாசிட்டி. சேனலுக்கு ஒதுக்கிய இடம் பைட்டில் பாதி, நான்கு பிட், அதனால்தான் 16 சேனல். இந்த ஒரு வரியை நண்பர்கள் நான்கு பேரையும் உட்கார வைத்துக் காட்டினேன். சேனல் எண் செய்திக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, கேபிளை மாற்றிச் செருகும் பேச்சே எழவில்லை.

அந்த 36 என்ற எண்ணிலேயே முதல் சிக்கலின் விடையும் இருந்தது. 61 கட்டை கீபோர்டு வழக்கமாக 36இல் தொடங்கி 96இல் முடியும். டிரம் ஒலிகளை எந்த எண்ணில் வைப்பது என்று 1991இல் வந்த ஜெனரல் மிடி வகுத்த வரிசையில் 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட். இவர்களுடைய டிரம் மெஷினும் அதே வரிசைதான். ஆகவே இடது கை கீழே இறங்கும்போதெல்லாம் கிக்கும் ஸ்னேரும் விழுந்தன, வலது கை மேலே வாசிக்கும்போது ஒன்றும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு, கீபோர்டை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறது என்று அவர்கள் ஒரு நாள் முழுக்க அந்த மெனுவைத் தோண்டியிருக்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான், நான் இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன்.

டிரம் மெஷினின் மெனுவில் சேனல் 10 என்றே இருந்தது. அப்படியானால் சேனல் 1இல் வந்த செய்திக்கு ஏன் வாய் திறந்தது? அதே மெனுவில் இன்னும் இரண்டு பக்கம் தள்ளி ‘ஓம்னி’ என்று ஒரு வரி, அதற்கு நேரே ஆன். ஓம்னி ஆன் என்றால் எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் நிலை. சேனல் 10 என்று நாம் வைத்ததற்கு, ஸ்வரங்களைப் பொறுத்தவரை, அந்த நிலையில் எந்த மதிப்பும் கிடையாது. ஆஃப் செய்தோம், இடது கை சுத்தமானது.

இந்த ஓம்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பலர் இதை ஏதோ வேண்டாத வசதி என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1981இல் சீக்வென்ஷியல் என்ற சிந்த் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும், எல்லா நிறுவனங்களின் சிந்த்துகளும் ஒன்றோடொன்று பேச ஒரு பொது இணைப்பு வேண்டும் என்று ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள், ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககேஹாஷி உட்படப் பலர் சேர்ந்து அது மிடியாக உருவானது. 1983 ஜனவரியில் ‘NAMM’ என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் பிராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6ஐயும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கருவிகள், நடுவில் ஒரு கேபிள். அந்த உலகத்தில் மாட்டியவுடனே சத்தம் வருவதுதான் முக்கியம், சேனலைத் தேடி மெனுவுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை, ஆகவே கருவியை ஆன் செய்ததும் ஓம்னியில் இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்தது முழுக்கச் சரி. மூன்றாவது கருவி வரும்போதுதான் அது இடிக்க ஆரம்பிக்கிறது. இந்த ‘ஆன் செய்ததும்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது மறுநாள் எங்கள் நேரத்தைத் தின்றது.

அடுத்தது பேஸ் சிந்த். இது ஓம்னியில் இல்லை, நேரடியாகவே சேனல் 1இல் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலான கருவிகள் அப்படித்தான் வரும். கீபோர்டும் சேனல் 1. ஆக இரண்டு மாணவர்களுக்கு ஒரே எண். அதைவிடக் கஷ்டமானது, அவர்கள் முதலில் சீக்வென்சரில் பேஸ் டிராக்கைச் சேனல் 2 என்று சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், சத்தம் வரவில்லை, 1க்கு மாற்றியதும் வந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு, சீக்வென்சர் பேஸ் பகுதியை வாசிக்கும்போது கீபோர்டின் பியானோவும் அதே பகுதியைக் கீழே சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக இவர்கள் அதைப் பேஸ் சிந்த்தின் கனம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் கீபோர்டின் வால்யூமை மட்டும் மெதுவாகக் குறைத்தபோது பேஸின் அந்த மரத்தட்டல் ஓசை காணாமல் போனது, பேஸ் வாசிப்பவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை நாள் நான் கேட்டது என் சத்தமே இல்லையா அண்ணா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கலவை பிடித்துப்போயிருந்தது, அதனால் பின்னால் பேஸ் ஒலியைத் தனியாக அமைத்துக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தோம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் பேஸின் ஒலி தானாக மாறிவிடுகிறது என்ற புகாரும் இதோடு தீர்ந்தது. கீபோர்டில் ஒலியை மாற்றும்போது அது சேனல் 1இல் புரோகிராம் சேஞ்ச் என்ற செய்தியை வெளியே அனுப்பும், அதே எண்ணில் உட்கார்ந்திருந்த பேஸ் சிந்த்தும் கீழ்ப்படிந்து தன் 17ஆம் ஒலிக்கோ 40ஆம் ஒலிக்கோ தாவிக்கொண்டிருந்தது. சிந்த்தைச் சேனல் 2க்கு மாற்றி, டிராக்கையும் 2க்கு மாற்றியதும் சரி. பாதுகாப்புக்காகச் சிந்த்தில் புரோகிராம் சேஞ்ச் வாங்குவதையே ஆஃப் செய்துவைத்தோம்.

இதற்கிடையில் டிரம்மர் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி. டிரம் மெஷின் இப்போது 10ஐ மட்டும்தான் கேட்கிறது, நாமோ சீக்வென்சரில் 10இல் ஒன்றும் பதியவில்லை, பின் எப்படி சீக்வென்சர் தொடங்கியதும் அதன் தாளமும் கூடவே தொடங்குகிறது? தொடங்கு, நிறுத்து, கிளாக் ஆகிய செய்திகளுக்குச் சேனலே கிடையாது, அவை பொது அறிவிப்பு. கிளாக் துடிப்பு ஒரு கால் ஸ்வரத்துக்கு (ஒரு தாள அடிக்கு) 24 வீதம் போகும், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் விநாடிக்கு 48. சேனலை எப்படி வைத்தாலும் அது போய்ச் சேரும், வேண்டாம் என்றால் கருவியில் கிளாக் மூலத்தை உள்ளிருந்து எடுக்கும்படி மாற்ற வேண்டும். இவர்களுக்கு வேண்டும், அப்படியே விட்டோம்.

மிச்சம் இருந்தது பியானோ. நேரடியாக வாசிக்கும்போது ஒலி மெலிந்து, உள்ளே காற்று சுழல்வது போலக் கேட்டது. ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்து விரிவாக வாசித்தால் பழைய ஸ்வரங்கள் பட்டென்று அறுந்தன. ஸ்ட்ரிங்ஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்து வாசித்தால் மாட்யூலின் ஸ்ட்ரிங்ஸோடு பியானோவும் வந்தது. இந்த மூன்றுக்கும் ஒரே காரணம். கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தன் சொந்த ஒலியை உள்ளுக்குள்ளேயே வாசிக்கிறது, அதே நேரம் செய்தியைச் சீக்வென்சருக்கும் அனுப்புகிறது. சீக்வென்சர் அதைத் தேர்ந்தெடுத்த டிராக்கின் சேனல் எண்ணைப் போட்டு உடனே திருப்பி அனுப்புகிறது. பியானோ டிராக்கில் இருந்தால் ஒரே ஸ்வரம் கீபோர்டுக்கு இரண்டாவது முறையாக வந்து சேர்கிறது. ஒரு செய்திக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட், கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட், ஆகவே மூன்று பைட் போக ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. போய் வரவும் சீக்வென்சர் யோசிக்கவும் சில மில்லி விநாடி. எதிரொலி என்று காது பிரித்துக் கேட்க அது போதாது, இரண்டு ஒலியும் ஒன்றின் மேல் ஒன்று உரசி மெலிவதற்குப் போதும். ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு குரலை எடுத்துக்கொள்வதால் கீபோர்டின் மொத்தக் குரல் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை, பாதியாகிவிடுகிறது, அதுதான் பெடலின் போது அறுந்தது. கீபோர்டில் ‘லோக்கல்’ என்ற அமைப்பை ஆஃப் செய்தால் கட்டைகளுக்கும் உள்ளே இருக்கும் ஒலிக்கும் இடையேயான நேரடித் தொடர்பு துண்டாகும், எல்லாம் சீக்வென்சர் வழியாக மட்டும் வரும். ஆஃப் செய்து முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) வாசித்தபோது பியானோ முழுசாக நின்றது. அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

அன்று இரவு எல்லாம் முடிந்தது என்று கிளம்பினேன். மறுநாள் மாலை போன். "டேய், மறுபடியும் கிக் அடிக்குது, பியானோவும் பழையபடி ஆயிடுச்சு." மின்சாரத்தை அணைத்து ஆன் செய்திருக்கிறார்கள், டிரம் மெஷின் ஓம்னிக்குத் திரும்பிவிட்டது, கீபோர்டு லோக்கல் ஆனுக்குத் திரும்பிவிட்டது. பேஸின் சேனல் 2 மட்டும் நினைவில் தங்கியிருந்தது. மேடையில் இருட்டில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இதற்கு மிடியிலேயே உள்ள வழியைப் பிடித்தோம். கன்ட்ரோல் எண் 122க்கு மதிப்பு 0 கொடுத்தால் லோக்கல் ஆஃப், எண் 124 கொடுத்தால் ஓம்னி ஆஃப். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் எண்ணிக்கை போகும் அந்த வெற்று பாரில் (ஒரு தாளச் சுற்றில்), சேனல் 1இல் 122, 0 என்றும், சேனல் 10இல் 124, 0 என்றும் பதிந்துவிட்டோம். இந்த வகைச் செய்திகளைக் கருவி தன் அடிப்படைச் சேனலில் வந்தால் மட்டும்தான் ஏற்கும், ஆகவே 124ஐத் தவறிப்போய் வேறு சேனலில் போட்டால் ஒன்றும் நடக்காது, அதில் ஒரு பத்து நிமிடம் போனது. ஓம்னியில் இருக்கும்போது மெனுவில் வைத்த சேனல் எண்ணுக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

பேஸ் ஸ்வரம் ஒட்டிக்கொள்வதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. திடீரென்று ஒரு ஸ்வரம் நிற்காமல் ஊளையிடும், சிந்த்தை அணைத்தால்தான் நிற்கும். முதலில் ஒரு காரணம் எளிதாகக் கிடைத்தது. கட்டையை அழுத்திப் பிடித்தபடியே சீக்வென்சரில் டிராக்கை 2இலிருந்து 3க்கு மாற்றினால், மானிட்டரில் 91 28 50 என்று ஆரம்பித்தது 92 28 00 என்று முடிந்தது. அழுத்தும்போது சேனல் 2, விடும்போது சேனல் 3. வெலாசிட்டி 0 உள்ள நோட் ஆன் என்பது நோட் ஆஃப்தான், ஆனால் அது பேஸ் சிந்த்துக்கு வந்து சேரவே இல்லை, அதைப் பொறுத்தவரை யாரோ இன்னும் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கையை எடுத்துவிட்டு டிராக்கை மாற்று என்று கீபோர்டுக்காரனிடம் சொன்னதும் பெரும்பாலும் குறைந்தது.

பெரும்பாலும்தான். டிராக்கைத் தொடாமலே சீக்வென்சர் தானாக ஓடும்போதும் எப்போதாவது ஒட்டியது. நான் இதையும் சேனல் கோளாறாகவே நினைத்து ஒன்றரை மணி நேரம் வீணாக்கினேன், ஏனென்றால் அதுவரை எல்லாமே சேனலாக இருந்தது. கடைசியில் வேகமான பேஸ் சுற்று ஒன்றை ஓடவிட்டு எண்ணினோம், அரை மணி நேரத்தில் மூன்று தடவை. கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றினோம், மாற்றமில்லை. பேஸ் சிந்த்தைச் சங்கிலியின் முதல் இடத்துக்கும் மாட்யூலைக் கடைசி இடத்துக்கும் கொண்டுபோனோம், இப்போது பேஸ் சுத்தம், மாட்யூலின் புல்லாங்குழல் ஒரு தடவை ஒட்டியது. கருவி மாறியும் இடம் மாறவில்லை. மூன்றாவது இடம்தான் நோயாளி.

காரணம் த்ரூ. ஒவ்வொரு மிடி இன்னிலும் ஆப்டோ ஐசோலேட்டர் என்ற சின்னச் சில்லு இருக்கிறது. மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் செய்தியை உள்ளே கடத்துவது அதன் வேலை, ஒரு கருவியின் இரைச்சல் இன்னொன்றுக்குள் போகாமல் இருப்பது அதனால்தான். ஆனால் அது ஆன் ஆகும் வேகமும் ஆஃப் ஆகும் வேகமும் மிகச் சரியாக ஒன்றாக இருக்காது, பிட்டின் ஓரம் கொஞ்சம் நகரும். ஒரு பிட்டின் அகலம் 32 மைக்ரோ விநாடி, ஒரு தடவை நகர்ந்தால் பாதகமில்லை, த்ரூ வழியாக அடுத்த கருவி, அதற்கடுத்த கருவி என்று போகப் போக நகர்வு சேர்ந்துகொண்டே போகும், சில்லுகள் பழசாக இருந்தால் இன்னும் மோசம், ஒரு கட்டத்தில் பிட் தப்பாகப் படிக்கப்படும். வேகமான சுற்றில் ஒரு நோட் ஆன் தொலைந்தால் யாருக்கும் தெரியாது, நோட் ஆஃப் தொலைந்தால் ஊருக்கே கேட்கும். த்ரூ சங்கிலியால் சத்தம் தாமதமாகிறது என்று பலர் சொல்வார்கள், அது காதுக்கு எட்டாத அளவு, உண்மையான ஆபத்து இந்தப் பிட் சிதைவுதான். சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஒரு இன், நான்கு த்ரூ உள்ள சின்னப் பெட்டியை சீக்வென்சருக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள் இழுத்தோம். அதே பேஸ் சுற்று ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு ஸ்வரம்கூட ஒட்டவில்லை.

கூடவே கீபோர்டின் ஆஃப்டர்டச்சையும் ஆஃப் செய்தோம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் அது செய்திகளைக் கொட்டிக்கொண்டே இருந்தது, இவர்களுடைய எந்த ஒலியும் அதைப் பயன்படுத்தவில்லை, விநாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பைட்தான் போகக்கூடிய கம்பியில் அது வெறும் சுமை.

இப்போது கீபோர்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பியானோ 1, பேஸ் 2, மாட்யூலின் ஸ்ட்ரிங்ஸ் 3, புல்லாங்குழல் 4, பேட் 5, டிரம் 10. நிகழ்ச்சி முடிந்தது, எதுவும் ஒட்டவில்லை, கூப்பிடாத எதுவும் வரவில்லை. பேஸ் வாசிப்பவள் அடுத்த வேலையை அன்று இரவே கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு விரலுக்கும் தனியாக ஸ்வரத்தை வளைக்கக்கூடிய எம்பிஇ கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவள் கையில் வந்திருக்கிறது. அது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனிச் சேனலில் அனுப்பும், பொதுச் செய்திக்குச் சேனல் 1, ஸ்வரங்களுக்கு 2 முதல் 16 வரை என்று முழு வரிசையையும் எடுத்துக்கொள்ளக்கூடியது, ஆகவே அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. யூஎஸ்பி வழியாகப் போனால் ஒரே கேபிளில் 16 தனி மிடி வழிகள், ஒவ்வொன்றிலும் 16 சேனல் என்று பிரித்துக்கொள்ளலாம், அதனால் அதைக் கணினியில் தனிப் போர்ட்டாக வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், வரும் வாரம் உட்காருகிறோம்.